ஆணிக் கணக்கு

புயலுக்கு முந்தைய நாள் வரை
மூன்று அங்குல ஆணி கிலோ தொண்ணூறு மெத்திகால்.
பத்தாம் நாள் பெய்ரா நகரத்துச் சந்தையில்
ஸுல்மீரா சிமாங்கோ அதை எண்ணி விற்றாள்.
ஒன்று நான்கு.

நான் நகராட்சியின் விலை ஆய்வாளன்.
அபராதப் புத்தகத்தின் கார்பன் தாள் நனைந்திருந்தது.
என் கூரைத் தகரம் அடுத்த தெருவில்
யாருடைய முந்திரி மரத்திலோ தொங்கியது.
சட்டம் அதைக் கேட்கவில்லை.

"பாலம் போய்விட்டது" என்றாள்.
"ஷிமோயோவில் மூட்டைக்குக் கூடக் கொடுத்தேன்.
லாரிக்காரன் கேட்டதைக் கொடுத்தேன்.
தோணிக்காரன் எனக்கு ஒரு விலை,
மூட்டைக்கு ஒரு விலை சொன்னான்.
மூட்டைக்குத்தான் அதிகம்."

கூட்டிப் பார்த்தேன். இரண்டரைதான் வந்தது.
மீதி ஒன்றரை?
"நடு வெள்ளத்தில் நான் பயந்தேனே, அதற்கு."

பயத்துக்கு என் அட்டவணையில் பத்தி இல்லை.
வெயில் நன்றாக அடித்த ஒரு மாதத்தில்
தட்டச்சு செய்த அட்டவணை அது.
ஆணித்தரமாக எழுதினேன்:
ஐயாயிரம், கையொப்பம், முத்திரை.
வரிசை கைதட்டியது.

மறுநாள் சந்தையில் ஆணி கிலோ தொண்ணூறு.
நியாயமான விலை.
ஆணிதான் இல்லை.

மூன்று நாள் மழை.
மகள் பாயை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டாள்.
நான்காம் இரவு, சட்டையில் சின்னம் இல்லாமல்
ஸுல்மீராவின் பின்கதவைத் தட்டினேன்.
"இப்போது ஆறு" என்றாள். "இரண்டு உன் அபராதம்."
எண்பது எண்ணினாள்.
கொசுறாக ஒன்று போட்டாள்.

திரும்பும் சந்தில், சரிந்து கிடந்த வீட்டின் மேல்
டெல்ஃபினா குந்தியிருந்தாள்.
உத்தரத்திலிருந்து பழைய ஆணிகளைப் பிடுங்கி
கல்லில் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
சில நிமிர்ந்தன. சில ஒடிந்தன.

அன்று வரிசையில் ஐந்தாவதாக நின்றவள்.
கைதட்டாதவள்.
பன்னிரண்டு மெத்திகாலை முந்தானைத் துணியில் முடிந்திருந்தாள்,
நான் பார்த்தேன்.
மூன்று ஆணி வாங்கியிருப்பாள்.
மூன்று ஆணியில் ஒரு தகரம் நிற்குமா என்று
எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள்.
விழுந்த வீடு தன்னுடையதாகவே இருந்தால்
என்னவென்று சொல்வார்கள்?

என் பையில் எண்பத்தொன்று.
நடக்க நடக்கக் கிலுகிலுத்தன.
அவளைத் தாண்டும் வரை
துணியோடு சேர்த்து
இறுகப் பிடித்துக்கொண்டேன்.