தீர்மானம் நான்கு

காசு முந்தி வந்தது.
படியூர்ப் பச்சைக்கல்லுக்கு விலையாக,
கப்பலில், பிறகு பொதிமாட்டு முதுகில்,
நொய்யல் ஓரமாய்.
சொல் பிந்தி வந்தது.
தொலைதூரக் கல்வி, இரண்டாம் ஆண்டு,
ரோமானிய அரசியல் சிந்தனை,
மஞ்சள் அட்டை, தபாலில்,
ஒரு மூலை மழையில் நனைந்து.

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் வரும் பஸ்ஸில்
நின்றுகொண்டே படித்தேன்.
அரசு என்பது மக்களின் பொருள்.
அவரவர்க்கு உரியது அவரவர்க்கு.
நீதி இல்லாத ஊர் ஊரே இல்லையாம்,
ஆட்கள் கூடி நிற்கும் இடமாம்.
ஐந்து மார்க் கேள்வியாக வரும் என்று
பென்சிலால் கோடு போட்டேன்.
வரவில்லை. பாஸானேன்.

இப்போது பாசன சபைக்குச் செயலாளர்.
மதகு எண், ஏக்கர், நாள், மணி
எல்லாம் என் கையெழுத்து.

தலைவர் தெய்வசிகாமணி நல்லவர்.
சித்திரை வெயிலுக்குப் பந்தல் போட்டு
பஸ்ஸுக்கு நிற்பவர்க்கெல்லாம் மோர் ஊற்றுவார்.
கோயிலுக்கு அன்னதானம், சபைக் கட்டடத்துக்கு மின்விசிறி.
அவர் பூமிக்கு நேரே
கால்வாய்க் கரைக்கு அடியில் ஒரு குழாய்.
பகலில் அதன்மேல் பனையோலை.
ராத்திரி பத்தரைக்கு மேல்
காது வைத்தால் மண் முனகும்.

மஞ்சள் அட்டைக்குள் இதற்கும் ஒரு பத்தி:
ஒருவரிடம் பறித்து இன்னொருவருக்குத் தருவதைக்
கொடை என்று சொல்லாதே.
மோர் குடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.
மோர் நன்றாகவே இருக்கும்.
இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் மாங்காய்.

கடைமடையில் மாராத்தாளுக்கு ஒன்றேகால் ஏக்கர்.
சோளத்தட்டை வாய்க்காலில் நட்டு
நனைந்த உயரத்தை விரலால் அளந்து
கூட்டத்தில் சொல்வாள்:
"போன சுத்துல நாலு வெரக்கடைங்க.
காயிதத்துல எவ்வளவு போட்டிருக்கறீங்க?"
காகிதத்தில் ஒன்றரைச் சாண்.
அவளும் அவள் ஆட்களும் கதவோரம் நிற்பார்கள்.
யாரும் நிற்கச் சொன்னதில்லை.
உட்காரச் சொன்னதுமில்லை.
"பார்க்கலாம்" என்பார் தலைவர்.
"பரிசீலிக்கப்படும்" என்று எழுதுவேன்.

நான் திருடியதில்லை.
ஒரு நாளும், ஒரு சொட்டும்.
இதைச் சொல்லிக்கொண்டே பல வருஷம் தூங்கினேன்.

போன மாசம் பரண் ஒதுக்கும்போது புத்தகம் விழுந்தது.
பென்சில் கோட்டுக்குக் கீழே, கோடு போடாத வரி:
அநீதி இரண்டு வகை. செய்வது ஒன்று.
தடுக்க முடிந்தும் தடுக்காமலிருப்பது இன்னொன்று.
இரண்டாவதற்குக் காரணங்கள்கூட எழுதியிருந்தது.
பகை எதற்கு, செலவு எதற்கு,
சொந்த வேலை கிடக்கிறது.
ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய எவனோ
என் வீட்டு விலாசத்தை எழுதி வைத்திருந்தான்.

அவன் வீட்டிலும் அடிமைகள் தண்ணீர் இறைத்திருப்பார்கள்.
பாடநூல் அதை அரை வரியில் கடந்துபோனது.
எழுதிக் கொடுத்தவன் எப்பேர்ப்பட்டவனானாலும்
பத்திரம் பத்திரம்தானே.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். தீர்மானம் நான்கு.
தலைவர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை
அவர் சொல்லும் முன்பே எழுதியது:
ஏழாவது மதகுக்குக் கீழே
தலைவர் பூமிக்கு நேராக உள்ள
ஆறு அங்குலக் குழாயை அகற்ற வேண்டியது.
வாசித்தேன்.
அவர் வாங்கிக் கொடுத்த மின்விசிறி
கடகடவென்று சுற்றியது.
"ஏனுங் செயலாளரே,
இன்னைக்கு மோர் குடிக்கலீங்களா" என்றார், மெதுவாக.

கையெழுத்துப் போட யாரும் எழவில்லை.
கதவோரத்திலிருந்து மாராத்தாள் வந்தாள்.
முன்வரிசை நாற்காலி ஒன்றை இழுத்து
உட்கார்ந்து, பேனாவை வாங்கி,
எழுத்தெழுத்தாகப் போட்டாள்.
ளகரத்துக்குப் புள்ளி மறந்து
திரும்ப வந்து வைத்தாள்.

குழாய் இன்னும் இருக்கிறது.
என் மோட்டார் இணைப்பில் ஏதோ கோளாறென்று
லைன்மேன் ரெண்டு தரம் வந்து போனார்.
மோர்ப் பந்தலில் என்னைக் கண்டால்
டம்ளர் காலியாகிவிடுகிறது.

இந்தச் சுற்றில் ஆறு வெரக்கடை.
"போட்டுக்கோங்க" என்றாள், தட்டைத் தூக்கிக் காட்டி.
ஆறு என்றே போட்டேன்.