தடைக்காலத்தில் குதிரை நிலை

ஏப்ரல் பதினைந்து.
மண்டபம் வடகடலில் விசைப்படகெல்லாம்
மூக்கோடு மூக்கு உரசிக் கிடக்கின்றன.
அறுபத்தொரு நாள் பாடு இல்லை, பங்கு இல்லை.
சீட்டாடலாம். கொல்லத்துக்குப் போய்க் கூலிக்கு ஏறலாம்.
நான் குங்ஃபூ பழகுகிறேன்.

"யாரை அடிக்கடா, இன்னாசி?" என்கிறார் டிரைவர் அடைக்கலம்.

முதலில் இடம்.
ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால், கருவாடு காயாத பக்கம்.
நிற்கும் இடத்தில் ஒரு சிப்பியைப் பதித்து வை.
இருபத்து நாலு அசைவு முடிந்ததும்
கால் அதன் மேல் வந்து நிற்க வேண்டும்.
வராது.
வராதது தெரியத்தான் சிப்பி.

காலை அகட்டு. முட்டியை மடக்கு. முதுகு நிமிர்.
குதிரை மேல் இருப்பதாக நினையுங்கள் என்கிறார் மாஸ்டர் விண்ணரசி.
குதிரையை நான் பார்த்தது ஒரே தரம்,
ஏர்வாடி சந்தனக்கூட்டில், கூட்டத்துக்கு நடுவே,
அதுவும் பின்பக்கம்.
ஆகையால் டீசல் கேன்.
கேன் மேல் உட்கார்ந்திருக்கிறாய்.
யாரோ கேனை உருவிவிட்டார்கள்.
நீ இன்னும் எழுந்திருக்கவில்லை.
அதுதான் குதிரை நிலை. நூறு வரை எண்ணு.
நாற்பதில் தொடை நடுங்கும்.
அறுபதில் பள்ளிக்கூடத்தில் அடித்த வாத்தியார் பெயரெல்லாம் ஞாபகம் வரும்.

பத்தொன்பது வருஷம் தளத்தில் நின்ற கால்.
ஐப்பசி வாடையில் ஒரு கையில் டீ கிளாசோடு நின்ற கால்.
அசையாத தரையில் தள்ளாடுகிறது.
உடம்பு அடுத்த அலைக்காக
ஒரு பக்கம் சாய்ந்து காத்திருக்கிறது,
அலை வருவதில்லை.
வராத அலைக்குச் சாய்ந்து சாய்ந்துதான்
விழுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, புயல் காப்பக மாடியில்.
மாஸ்டருக்கு என்னைவிடப் பதினோரு வயசு குறைவு.
என் வரிசையில் நிற்பவர்கள் மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு.
"மாமா, வலது கால்" என்று
உதடு அசையாமல் சொல்லித் தருகிறாள் பரக்கத் நிஷா.

அப்புறம் குத்து.
கட்டைவிரலை உள்ளே பூட்டாதே.
கயிறு பிடித்த கைக்கு இது லேசில் படியாது.
ஒரு கை முன்னே போகும்போது
மறு கை இடுப்புக்கு வர வேண்டும்,
போன வேகத்திலேயே.
குத்து என்பது பாதிதான் என்கிறார் மாஸ்டர்,
மீதி திரும்பி வருவது.

எனக்கு இதுவரை போகத்தான் தெரிந்திருந்தது கை.
போன தடைக்காலத்தில் மச்சான் தாடையில் போய் நின்றது.
இன்னும் அவன் என் வீட்டில் கை நனைக்கவில்லை.

ஆகவே தினமும் முந்நூறு தரம்,
குத்துவதை எண்ணாமல்,
இழுப்பதை மட்டும் எண்ணு.

கச்சான் கிளம்பினால் மணல் முகத்தில் அறையும்.
திரும்பிக்கொள்ளத் தோன்றும். திரும்பாதே.
திசை மாறினால் வரிசை மாறிவிடும்.
நாற்பத்திரண்டாம் நாள்
பதினோராவது அடி விழும் இடத்தில்
ஒரு நாய் படுத்திருந்தது.
தூக்கிய காலோடு நின்றேன்.
அது எழவில்லை, நான் விழவில்லை.
அன்றைக்கு அது போதும் என்று வீட்டுக்குப் போனேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் குதிகால் சிப்பியைத் தொட்டது.
மறுநாள் தொடவில்லை.

தடை முடிந்தது. டோக்கன், ஐஸ், டீசல்.
வலை இறக்கியாயிற்று, இழுவை இரண்டு மணி நேரம்.
வின்ச்சுக்கும் மீன் அறைக்கும் நடுவே எட்டடி இடம்.
சட்டைப் பையிலிருந்து சிப்பியை எடுத்துப்
பலகையில் வைத்துத் தொடங்கினேன்.
அலை வந்தது. கால் அதை அறிந்திருந்தது.
இருபத்து நாலும் முடிந்து குனிந்தால்
காலடியில் சிப்பி இல்லை.
ஒரு கோடியில் உருண்டு கிடக்கிறது.
தள்ளிப் போனது நானா, அதுவா,
கீழே இந்தப் படகா,
யாரிடம் கேட்பது?

"முடிச்சிட்டியா? வலையைத் தூக்கணும்" என்றார் அடைக்கலம்.
இடுப்புக்கு வந்த கை அங்கேதான் இருந்தது.
அதை எடுத்துக்கொண்டு போய்
கயிற்றைப் பிடித்தேன்.