இரட்டைப் பதிவு

நாற்பத்தாறாம் வாரம்.
மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறது.
கெடிலத்தில் தண்ணீர் எவ்வளவு என்று
வாசலில் யாரோ யாரையோ கேட்கிறார்கள்.
திங்கள் மாலை ஐந்துக்குள் காய்ச்சல் ஏற வேண்டும்,
உடம்பில் அல்ல, போர்ட்டலில்.

முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது.
பெட்ரோல் விலை மாறுகிறது, பிராந்தி விலை மாறுகிறது,
போலீஸ் தொப்பி மாறுகிறது.
எல்லைக் கல்லை ஒட்டி ஒரு பஞ்சர் கடை.
பழைய டயர்கள்
இரண்டு மாநிலத்திலும் அடுக்கியிருக்கின்றன,
மழைநீரோடு.

அந்தப் பக்கமிருந்து அனுப்புகிறவர் மர்செலின்.
பார்த்ததில்லை. குறிப்புக் கட்டத்தில்தான் பழக்கம்.
"உங்க ஊர் கேஸ், எங்க பெட்" என்று எழுதுவார்.
"பெற்றோம்" என்பேன்.
தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும்
"பெற்றோம், வாழ்த்துகள்."

இன்று நாலு நாற்பதுக்குத் திரை மஞ்சளானது:
ஒரே நபராக இருக்கலாம்.

தமிழ் வீ., ஒன்பது, பெண், டெங்கு, புதுச்சேரி.
தமிழ் வீ., ஒன்பது, பெண், டெங்கு, கடலூர் ஜி.எச்.
அப்பா வீரக்கண்ணு, இரண்டிலும்.
அதே தெரு. அதே செல் நம்பர்.
கீழே ஒரு பொத்தான்: இணைக்கவும்.
இணைத்தால் கணக்கில் ஒன்று குறையும்,
நாளைய மீட்டிங்கில் மூச்சு விடலாம்.

விரல் போனது.
கரண்டும் போனது. யூ.பி.எஸ். ஒருமுறை அலறி அடங்கியது.

இருட்டில் வேறு வேலை இல்லாததால்தான்,
அக்கறையால் என்று சொல்ல மாட்டேன்,
தாளில் டார்ச் அடித்து அந்த நம்பருக்குப் போட்டேன்.

பஸ் இரைச்சல். கண்டக்டர் விசில்.
"எந்தப் பிள்ளைக்கு சார் கேக்கறீங்க?
தமிழினிக்கு அங்க பிளேட்லெட் இருபத்தெட்டுல நிக்குது.
ஒரு பெட்தான் கெடைச்சுது சார்.
தமிழரசிய கடலூர்ல அவங்கம்மா பாத்துக்குது.
நான் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கேன்.
ரெட்டைங்க சார்."

வெளிச்சம் வந்தபோது ஐந்து ஆறு.
தாமதத்துக்குக் காரணம் கேட்டது ஒரு சிவப்புப் பெட்டி.
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.
மர்செலினுக்கு எழுதினேன்:
"ரெண்டு பேர். நம்ம கேஸ்."
"பெற்றோம்" என்று வந்தது.

வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.
பழைய பட்டியலைத் திறந்தேன்.
அக்டோபரில் நான் இணைத்தவை பதினொன்று,
ஒரே உட்காரலில், டீ ஆறுவதற்குள்.
அந்த வாரம் வரைபடத்தில்
நம் மாவட்டம் பச்சையாக இருந்தது.

முதல் நம்பரைப் போடுகிறேன்.
ரிங் போகிறது.
போய்க்கொண்டே இருக்கிறது.