முழுப் பந்தும் முழுக் கோடும்

கோப்பை அக்கரைக்குப் போய் மூன்று நாளாகிறது.
ஃபாரோவில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு
அரைமணி நேரப் படகுதான்.
ஆனாலும் தொலைவு.

சால்மன் வெட்டும் மேசையில்
எட்டுப் பேர், எட்டுக் கத்தி, ஒரே பேச்சு.
எண்பத்தெட்டாம் நிமிடம்
பிராண்டுர் அடித்த பந்து
குறுக்குக் கம்பத்தின் அடியில் மோதி
உள்ளே விழுந்ததா,
விழப் போனதைக் காற்று வெளியே இழுத்ததா?

"உள்ளதான்" என்கிறாள் சிக்வர்.
இரண்டு மீன்தலைகளைக் கம்பமாக நிறுத்தி
நடுவில் ஓர் ஈரலை உருட்டிக் காட்டுகிறாள்.
"ஈரல் உருண்டை இல்லையே" என்கிறான் மோர்ட்டன்.
அவன் மனைவி அக்கரைக்காரி.
அவனுடைய நியாயம் எந்த அடுப்பில் வெந்தது என்று
மேசைக்குத் தெரியும்.

படம் பிடித்தது ஒரே ஒரு காமிரா.
அதன் கண்ணாடியில் ஒரு மழைத்துளி,
சரியாகக் கோட்டின் மேல்.
நிறுத்தி நிறுத்தி
நூறு தடவை பார்த்துவிட்டோம் அந்தத் துளியை.
அதற்குள் தலைகீழாக ஒரு பந்து தெரிகிறது
என்று தோர்கெர் சத்தியம் செய்கிறாள்.
தீர விசாரித்தாயிற்று.
மெய்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சண்டை முற்றும்போது
எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.
கோலுக்கு நேர் பின்னால் நின்றவள் நான்.
"நீ சொல்லு ரன்வா."

முதல் நாள், ஒரு சாண் உள்ளே என்றேன்.
நேற்று அது முழமாகிவிட்டது.
நாளை கேட்டால்
வலை ஆடியதாகவும் சொல்வேன்.

நடந்தது வேறு.
பிராண்டுர் காலைத் தூக்கிய நேரம்
என் இடது கையுறை நழுவிச் சேற்றில் விழுந்தது.
குனிந்தேன்.
நிமிர்வதற்குள் ஊரே கத்திக்கொண்டிருந்தது,
நானும் கத்தினேன்.
அந்த நொடியில் நான் கண்டது
ஒரு கையுறை,
ஒரு சிகரெட் துண்டு,
யாருடையதோ பழுப்புப் பூட்ஸ், கயிறு அவிழ்ந்திருந்தது.
பூட்ஸைப் பற்றிக் கேட்டால்
இன்றும் பிசகாமல் சாட்சி சொல்வேன்.
யாரும் கேட்பதில்லை.

கொடியைத் தூக்காதவன் ஹானுஸ்.
வரவேண்டிய ஆள் கடல் கொந்தளிப்பில் மாட்டிக்கொள்ள
கடைசி நேரத்தில் கொடி இவன் கைக்கு வந்தது.
'இவன் உங்க ஊர்க்காரன்' என்று
அக்கரைக்காரர்கள்தான் முதலில் கூச்சல் போட்டார்கள்.
இப்போது அவர்கள்
அவன் பெயரை வைத்துப் பீர் குடிக்கிறார்கள்.

மற்ற நாளில் அவன் எங்கள் பேருந்து ஓட்டுநர்.
நான்கு மணிக்கு மீன்வாடையோடு ஏறி
அவன் பிடரியைப் பார்த்தபடி உட்காருவோம்.
மூன்று நாளாக ஒருவரும் வணக்கம் சொல்வதில்லை.
சில்லறை மட்டும் சத்தமாக விழுகிறது.

இன்று தேவாலய நிறுத்தத்தில்
சாலை வழுக்கி,
மஞ்சள் கோட்டில் ஏறி நின்றது வண்டி.
"தாண்டிருச்சு!" கத்தினாள் சிக்வர்.
"குருடனுக்கும் தெரியும், தாண்டிருச்சு!"

ஹானுஸ் கைப்பிரேக்கைப் போட்டான்.
இறங்கினான்.
மழையில் முழங்காலிட்டு
முன்சக்கரத்தை வெகுநேரம் பார்த்தான்.
தொப்பி சொட்டச் சொட்ட ஏறிவந்து சொன்னான்:
"முழுச் சக்கரமும் தாண்டல."

முதலில் சிரித்தது மோர்ட்டன்.
பிறகு தோர்கெர்.
சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்த சிக்வர்
மூக்கால் சிரித்தாள்.
வண்டியே குலுங்கியது, நின்ற இடத்தில்.

ஹானுஸ் சிரிக்கவில்லை.
கண்ணாடியில் என்னைத் தேடினான்.
"நீ பின்னாடிதானே நின்ன, ரன்வா.
நல்லாத் தெரிஞ்சிருக்குமே?"
கேலி இல்லை அந்தக் குரலில்.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

என் வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம்.
அங்கேயே இறங்கிவிட்டேன்.
காற்று வடமேற்கிலிருந்து அடித்தது.
பைக்குள் கையை விட்டேன்.
கையுறை இன்னும் காயவில்லை.