ஒரு நிமிடத்தின் ஒலியளவு

மௌனத்துக்கும் ஒலிச்சோதனை உண்டு.
விடியப்புறம் நாலுக்கே வந்து
ஃபுஜைராவின் மலைகள் கறுப்பாய்க் கிடக்கையில்
கேபிள்களைக் கம்பளத்தின் கீழே ஒளித்தேன்.
அரச வீட்டுக் கால்கள் தடுக்கக் கூடாது.

எகிப்தியன் வாகீத் தாளில் எழுதித் தந்திருந்தான்:
பதினொன்று முப்பது, மௌனம்.
முப்பத்தொன்று, கொடி ஏறும்; கீதம்.
அந்த நிமிடம் மைக் ஒன்றையும் மூடாதே என்றான்.
மூடினால் தொலைக்காட்சியில் பழுது மாதிரி இருக்கும்;
இத்தனை பேர் நின்றுகொண்டு பேசாமல் இருப்பது
கேட்க வேண்டும்.

எட்டு மணிக்குக் கொடியை அரைவாசிக்கு இறக்கினார்கள்.
காற்று வரவில்லை.
பத்தரைக்குக் கறுப்பு வண்டிகள்.
ஷேக், தம்பிமார், மருமக்கள்,
கடைசியாய் ஒரு பொடியன், பேரனாக இருக்கும்,
புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும்,
ஒரு காலை மற்றக் காலில் தேய்த்தபடி நின்றான்.

ஷேக்கின் நெஞ்சில் மைக்கைக் குத்தியவன் நான்.
அத்தர் மணத்துக்குக் கீழே
நித்திரை கொள்ளாத உடம்பின் மணம்.

ஓர் அதிகாரி பெயர்களை வாசித்தார்.
பிள்ளையின் பெயர், தகப்பனின் பெயர்,
தகப்பனுக்குத் தகப்பன், பிறகு குலம்.
ஒவ்வொரு பெயரும் அறை அறையாய் நீண்ட வீடு.

பிறகு, வாகீத்தின் தாளில் இல்லாதது:
ஷேக் கம்பளத்தை விட்டிறங்கிச்
சரளைக்கல்லில் நடந்து தாய்மாரிடம் போனார்.
திடலுக்குப் போகும் ஒலியை நிறுத்தினேன்.
மிச்சம் என் ஹெட்போனுக்குள் நடந்தது.

ஒருத்தி சொன்னாள்
(பதினேழு வருச அரபி எனக்குப் போதும்)
என் ஸுஹைலின் குறட்டைக்குச் சுவர் அதிரும்,
திட்டாத நாளில்லை,
இப்போது வீடே நித்திரை, நான்தான் முழித்திருக்கிறேன்.
ஷேக்கிடம் அதற்கு எழுதிவைத்த பதில் இல்லை.
என் தம்பி ஒருவனும் அப்படித்தான் என்றார்.
இருவரும் சிரித்த மாதிரி இருந்தது.
கமெராவுக்கு அவளுடைய முகத்திரைதான் தெரிந்திருக்கும்.

பதினொன்று முப்பது.

கொஞ்சம் காற்று. கயிறு கம்பத்தில் தட்டியது,
பிறகு ஒன்றுமில்லை, பிறகு தட்டியது.
பொடியனின் செருப்பு.
யாரோ ஒருத்தியின் வளையல்கள் முழங்கைக்குச் சரிந்தன.
நாலாம் சானலில் மூச்சு
ஏறியது, நின்றது,
எச்சில் விழுங்கும் சத்தம், அதன் பின்
ஒரு பெயர். உதட்டால் மட்டும்.
மைக்குக்கு உதடு போதும்.

நாலாம் சானலைக் கீழே இழுத்தேன்.
வாகீத் பார்க்கவில்லை.
கயிற்றின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி
நாட்டுக்குக் கொடுத்தேன்.

மூன்று நாளைக்கு முதல் எனக்கும் ஒரு நிமிடம் இருந்தது.
வன்னியில் மாலை ஆறு ஐந்து;
இங்கே நாலு முப்பத்தைந்து, வேலை நேரம்,
ஹோட்டல் மண்டபத்தில் யாருடையதோ கலியாணம்.
செக்கிங் என்று சொல்லி
எல்லாப் பெட்டிகளையும் அறுபது எண்ணும்வரை ஊமையாக்கினேன்.
மேடைக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

அக்காவுக்கு இரண்டு பெயர்,
அம்மா வைத்தது ஒன்று, அவள் போய் எடுத்தது ஒன்று.
இரண்டும் இருந்த கல்லைப் பெயர்த்துச் சல்லியாக்கினார்கள்.
எந்த ரோட்டில் கிடக்கிறாளோ.
அவள் குறிபார்த்த பக்கத்திலும்
குறட்டை விட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.
அதையும் அந்த அறுபதுக்குள்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பொறாமை இல்லையா என்றால், இருக்கிறது.
கம்பளத்தில் இல்லை, வண்டிகளில் இல்லை.
ஒரு தாயை நோக்கி ஒருவர் நடந்தாரே,
அந்தச் சரளைக்கல் சத்தத்தில்.

கொடி உச்சிக்கு ஏறியது. கீதம்.
மைக்கைக் கழற்றும்போது ஷேக் ஷுக்ரன் சொல்லி
என் அடையாள அட்டையில் பெயரைத் தேடினார்.
அட்டை மறுபுறம் திரும்பிக் கிடந்தது.

மௌனம் நல்லாய் வந்தது என்றான் வாகீத்.
நாலாம் சானல் பதிவில் மட்டும் மிஞ்சியிருந்தது.
ஒருக்கால்கூடக் கேட்காமல் அழித்தேன்.

பொடியன் நின்ற இடத்தில்
ஒட்டாத பிளாஸ்டர் ஒன்று.
கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.
நாலு மணிக்கு இன்னொரு மண்டபம்.