உரிமையாளர்: 1001

கரண்ட் இரண்டு தடவை போய் வந்த பின்னேரம்.
ஹட்டன் மழை. பாத்திரக்கடைக்கு மேலே என் கடை.
சகாயராணி லஞ்ச் ஷீட்டைப் பிரித்து
ஒரு டிஸ்க்கை மேசையில் வைத்தாள்.

"தம்பியோடது அக்கா. ஸ்கூல் கம்பியூட்டர்ல போட்டா
ஃபோர்மட் பண்ணவான்னு கேக்குது."
பண்ணினாயா?
"வெளங்காத கேள்விக்கு எங்க வீட்டுல
இப்ப யாரும் ஆமான்னு சொல்றதில்ல.
கைநாட்டு வச்ச வரைக்கும் போதும்."

விண்டோஸுக்கு அந்த டிஸ்க் வெற்றுத் தரை.
உண்மையில் வேறு முறையில் எழுதிய பேரேடு,
அதற்கு வாசிக்கத் தெரியாது,
தெரியாததை அழிக்கவா என்று மட்டும் கேட்கும்.

மூலையில் கிடக்கும் என் லினக்ஸ் மெஷினில் செருகினேன்.
பெயர்கள் இறங்கி வந்தன.
காம்பரா 3, பின்சுவர்.
காம்பரா 7, அடுப்படி.
காம்பரா 11, மழைக்கு மறுநாள்.
ஒன்றை அழுத்தினேன். அனுமதி இல்லை.
இன்னொன்று. அனுமதி இல்லை.

யாருடையது என்று கேட்டேன்.
உரிமையாளர்: விதுர்ஷன்
என்றது மெஷின்.

விதுர்ஷன் இந்தக் கடையில் இரண்டு வருடம் இருந்தவன்.
மார்ச்சில் ஒரு காலை
ஷட்டருக்குக் கீழே சாவியைத் தள்ளிவிட்டுப் போனவன்.
"ஒன் தம்பிக்கு விதுர்ஷனைத் தெரியுமா?"
"யாருக்கா அது?"

ஒரு பிளேன்டீ ஆறும் நேரம்
அவனைத் திருடனாக வைத்திருந்தேன்.
பழைய பில்களில் ஒன்றிரண்டு கூட
எனக்குள் புதிதாகக் கணக்குத் தப்பின.

பிறகுதான் பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேட்டேன்.
1001.

டிஸ்க்குக்குப் பெயர் தெரியாது.
செக்ரோல் மாதிரி, நம்பரைத்தான் சுமக்கிறது.
போய்ச் சேரும் மெஷின் தன் ஆள் பட்டியலைப் புரட்டி
அந்த நம்பருக்கு ஒரு முகத்தை ஒட்டிவிடுகிறது.
எட்வினுக்கு ஏதோ நிறுவனம் கொடுத்த பழைய லேப்டொப்.
ஆயிரம் நிறுவனத்துக்கு, அடுத்தது அவனுக்கு.
இங்கே ஆயிரம் நான்.
அடுத்து வந்தவன் விதுர்ஷன்.
இரண்டு தோட்டத்தில் ஒரே நம்பர், வேறொன்றுமில்லை.

ரூட்டாக இறங்கினால் எந்தக் கேட்டும் தடுக்காது.
உரிமையாளரையே மாற்றிவிடலாம், ஒரு வரிதான்.
மாற்றவில்லை. அவனைக் கேள் என்றேன்.
ருமேனியாவிலிருந்து குரல் வந்தது,
பின்னால் இறைச்சி வெட்டும் மெஷின் ஓடியது:
"தொறங்கக்கா. நான் பூட்டவே இல்லையே."

பூட்டவில்லைதான்.
லேப்டொப்பே தன் வழக்கப்படி பூட்டியிருக்கிறது.

நாற்பத்தொரு படங்கள். எல்லாம் சுவர் வெடிப்பு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பத்து ரூபாய் குத்தி,
அளவு தெரிய.
ஜூனில் வெடிப்பு குத்தியைவிட ஒல்லி.
ஆகஸ்டில் குத்தி உள்ளே போகும்.
கடைசிப் படத்தில் குத்தி இல்லை. கை.
மணிக்கட்டு வரை சுவருக்குள்.

"அது அம்மா கை," என்றாள்.
நாளைக்கு ஒன்பது மணிக்கு
கிராம சேவகருக்கு முன்னால் இவற்றை வைக்க வேண்டும்.

எல்லா மெஷினும் வாசிக்கட்டும் என்று
எக்ஸ்ஃபாட் பென் ஒன்றில் கொப்பி பண்ணினேன்.
அதில் யாருடையது என்று எழுத இடமே கிடையாது.
யார் செருகினாலும் அவர்களுடையது.
"அப்ப யாரும் அழிக்கலாமா?"
அழிக்கலாம்.
கொஞ்சம் யோசித்தாள்.
"மூணாப் போட்டுத் தாங்க."

மூன்றாவது பென் முடிகையில் டிக்கோயா பஸ்
ஹோர்ன் அடித்தது. லஞ்ச் ஷீட்டை மறந்துவிட்டு ஓடினாள்.

விதுர்ஷனின் கணக்கை இன்னும் அழிக்கவில்லை.
அழித்தால் அவன் வேலைகள் அப்படியே கிடக்கும்,
பெயர் மட்டும் உதிர்ந்து 1001 நிற்கும்.
பிறகு யாரைச் சேர்த்தாலும்
மெஷின் அந்த நம்பரை அவனுக்குக் கொடுக்கும்,
எல்லாம் ஆதியிலிருந்தே அவனுடையது போல.

அடுத்த வாரம் ஒரு பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.
அவனுக்கு 1002.