ஒரு தட்டு, இரண்டு தட்டு

வீட்டுக்குள் நுழைந்ததும் கண் தேடுவது
நோயாளியை அல்ல,
சுவரில் ஓர் ஆணியை.

செல்லூரில் மளிகைக்கடைக் காலண்டர் இறங்கியது,
குளுக்கோஸ் பாட்டில் ஏறியது.
விளாங்குடியில் பள்ளிக்கூடப் பை.
ஆரப்பாளையத்து மாடி வீட்டில்
மாலை போட்ட புருஷன் படத்தைக் கழற்றி
"செத்த நேரம் தரையில இருங்க,
உங்கம்மாவுக்குத்தான்" என்று
அவனிடமே சொல்லிச் சாய்த்து வைத்தாள் ஒருத்தி.
அவனியாபுரத்தில் ஆணியே இல்லை,
வாடகை வீடு, அடிக்கக் கூடாதாம்.
பத்தாவது படிக்கிற பையன்
கை மாற்றிக் கை மாற்றி முக்கால் மணி நேரம்
பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.
வலிக்குதா என்று கேட்டேன்.
பாட்டிலைத்தான் பார்த்தான்.

செவ்வாயும் வெள்ளியும் செக்கானூரணி.
காசிமாயன், உசிலம்பட்டி வண்டியில்
இருபத்தாறு வருஷம் கண்டக்டர்.
கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்த பிறகு
விசில் ஊத மூச்சு வாய்க்கு வருவதில்லை.
கட்டில் சட்டத்தில் ஸ்பூனால் தட்டுவார்.
ஒரு தட்டு: நிறுத்து.
இரண்டு தட்டு: போகலாம்.

முதுகுப் புண் என் உள்ளங்கை அகலம்.
பழைய பஞ்சை எடுக்கையில் ஒரு தட்டு.
நிறுத்துவேன்.
ஜன்னலுக்கு வெளியே தேனி ரோடு,
ஒரு லாரி, ஆட்டோ, கல்யாண வேன்.
இடுக்கியைப் பிடித்தபடி நிற்பேன்,
ஆள் ஏறி முடியும் வரை
நிற்கிற வண்டி மாதிரி.
அப்புறம் அவரே இரண்டு தட்டுவார்.
இரண்டாவது தட்டு சில நாள் வெகுநேரம் கழித்து வரும்.

மாசத்துக்கு ஒருமுறை டாக்டர் நஸ்ரின் வருவார்,
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
மார்ஃபினை எத்தனை மணிக்கு ஒருதரம் பொடித்து
மூக்குக் குழாயில் விடுவது என்று
ஒச்சம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.
ஒச்சம்மாவுக்கு மணி பார்க்க வராது.
"நாலே முக்கால் பஸ் போனதும் ஒண்ணு.
எட்டே முக்கா பஸ் போனதும் ஒண்ணு."
டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்,
"பஸ் லேட்டா வந்தா?"
கட்டிலில் இருந்தவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.
அந்த வண்டி லேட்டாகாது.
அதைச் சொல்லும்போது மட்டும்
அவர் முகத்தில் ஒரு பழைய கோபம், நல்ல கோபம்.

ஒரு வெள்ளிக்கிழமை போவதற்குள்
போன் வந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு
தண்ணி மெத்தையைத் திருப்பி வாங்கப் போனேன்.
கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.
கருமாத்தூரில் ஒருவர் அதற்காகக் காத்திருந்தார்.
ஒச்சம்மா மூடியைத் திருகினாள்.
நாலு மாசமாய் அவரைத் தாங்கிய தண்ணி
குடத்தில், வாளியில், அண்டாவில்,
பிறகு சோறு வடிக்கிற சட்டியில்.
மெத்தை கொஞ்சம் கொஞ்சமாய் முதுகு வற்றியது.

"இத எங்கிட்டு ஊத்துறது சிஸ்டர்?"

குழாய் மாற்ற, புண் கட்ட,
வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்க
எங்களுக்குப் பாடம் உண்டு.
இதற்கு இல்லை.

அவளே யோசித்தாள்.
குடத்தை இடுப்பில் வைத்துப் போய்
வாசலைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி,
பஸ் நின்று போகிற தார் ஓரத்தில் ஊற்றினாள்.
பங்குனி வெயில். ஈரம் நிற்கவில்லை.
அடுத்த குடத்துக்கு உள்ளே போனாள்.
ஆறு நடை.
நான் சட்டியைத் தூக்கினேன், விடவில்லை.

சுருட்டி ஸ்கூட்டி முன்னால் வைத்த மெத்தையில்
மிச்சத் தண்ணி இருந்திருக்கும்,
கருமாத்தூர் வரை
என் கால் மேலேயே சொட்டிக்கொண்டு வந்தது.

அங்கே முதலில் குழாய் எங்கே என்று கேட்டேன்.
தண்ணி வர சாயங்காலம் ஆகும் என்றார்கள்.